இசைக்குழுவும் கட்சி முத்திரையும்



ஒரு பொருளை ஆராய்ந்து அதற்குப் பெயரிடுதல் அறிவு. பெயரை முன்னதாகவே இட்டுவிட்டு ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்ளுதல் சோம்பல். ஆயினும் உலக வழக்கில் பின்னதே மிகுதி. அரசியலில் மட்டுமன்றி, கலையிலும் அது புகுந்துவிட்டது. பாடுகின்றவர் என்ன பாடுகின்றார் என்று செவி கொடுப்பதற்கு முன்னரே, 'இவர் எந்தக் கட்சி?' என்று கேட்கின்றோம். அக்கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

சில திங்களுக்கு முன் ஒரத்தநாட்டில் மாணவர் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு இறங்கினேன். ஒரு மாணவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஐயா, நான் மெட்டல் இசை கேட்பவன். எனக்குப் பிடித்த குழு ஒன்றை நாஜிக் கொள்கைக் குழு என்று என் நண்பன் சொல்கிறான். அதைக் கேட்கிற நானும் அப்படிப்பட்டவன்தான் என்கிறான். இரண்டு வாரமாக என்னோடு பேசுவதில்லை. நான் அந்தப் பாட்டைக் கேட்பது தவறா, ஐயா?" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. நட்பு ஒன்று முறியும் நிலையில் நின்றது. அன்று நான் அவருக்குச் சரியான விடை கூறவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தவற்றையே இப்போது கூறுகின்றேன்.

மெட்டல் என்னும் இவ்விசை பிறந்த இடம் இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பர்மிங்காம். அந்நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் 'பிளாக் சபாத்' என்னும் குழுவை அமைத்து, 1970-இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அவர்களுள் கிதார் வாசித்த டோனி அயோமி என்பவர், இரும்புத் தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். இழந்த நுனிகளுக்குப் பதிலாகச் செயற்கை உறைகளை மாட்டிக்கொண்டு, நரம்புகளின் இறுக்கத்தைத் தளர்த்தி அவர் வாசித்தார். அக்கனத்த ஒலியே இவ்விசையின் அடையாளமாயிற்று. குழுவின் பெயரையும் இசைத்தட்டின் இருண்ட படத்தையும் கண்டவர்கள், இவர்கள் சாத்தானை வழிபடுவோர் என்றனர். ஆனால் அதே 1970-இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலொன்று, ஏழை மக்களைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கும் தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் கண்டித்தது!

1980-ஆம் ஆண்டுகளில் இவ்விசை மேலும் கடுமையுற்றது. முரசு மிக விரைந்து ஒலித்தது. குரல் பாட்டாக இல்லாமல் உறுமலாகவும் அலறலாகவும் மாறிற்று. இங்கே ஒரு நுட்பத்தை நீங்கள் கவனித்தல் வேண்டும். இவ்வகைப் பாடலில் சொற்கள் செவிக்குத் தெளிவாக விளங்குவதில்லை. ஆங்கிலம் கற்றவருக்கும் விளங்குவதில்லை. சொல் விளங்காத இடத்தில் மனிதன் கண்ணைத் துணைக்கு அழைக்கின்றான். மேலட்டையிலுள்ள படம், பாடுவோர் அணிந்த கறுப்புடை, அவர்கள் பூண்ட சின்னம் ஆகியவற்றைக் கொண்டே கொள்கையைக் கணிக்கின்றான். பிற இசைக்குழுக்களை விட இக்குழுக்களின்மீது முத்திரை எளிதில் ஒட்டிக்கொள்வதற்கு இதுவே பெருங்காரணம் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் 'ஸ்லேயர்' குழு 1986-இல் வெளியிட்ட இசைத்தட்டில் ஒரு பாடல் இருந்தது. ஆஷ்விட்ஸ் முகாமில் சிறைப்பட்டவர்கள்மீது கொடிய சோதனைகளை நடத்திய யோசப் மெங்கலே என்னும் நாஜி மருத்துவனைப் பற்றியது அது. அக்கொடுமைகளை ஒன்றன்பின் ஒன்றாக அப்பாடல் அடுக்கிச் சொல்கிறது. கண்டனச் சொல்லை வெளிப்படையாகச் சேர்க்கவில்லை. உடனே, 'இவர்கள் நாஜிகள்' என்ற குரல் எழுந்தது. அவ்விசைத்தட்டை விநியோகிக்க ஒரு பெரிய நிறுவனம் மறுத்துவிட்டது. கொடியவன் ஒருவனின் செயலை விவரித்தோமே அன்றி அவனைப் போற்றவில்லை என்று குழுவினர் திரும்பத் திரும்பக் கூறினர். அக்குழுவின் பாடகர் தென்னமெரிக்க நாடாகிய சிலியில் பிறந்தவர் என்பதையும் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

இக்கேள்வி நம் தஞ்சை நாட்டினருக்குப் புதிதன்று. மெலட்டூரில் ஆண்டுதோறும் பாகவத மேளா நடைபெறுகிறது. அங்கே பிரகலாதன் நாடகத்தில் இரணியன் வேடம் புனைந்தவர், 'நானே கடவுள், வேறு கடவுள் இல்லை' என்னும் கருத்துப்பட இடிபோல் முழங்குவார். அவரை நாத்திகர் என்று ஊரார் ஒதுக்கி வைத்ததுண்டா? இல்லை. பேசுபவன் இரணியன், நடிப்பவர் பக்தர் என்பது அங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். பாட்டின் உள்ளே பேசுகின்ற பாத்திரம் வேறு, பாட்டை ஆக்கியவன் வேறு. நம் கூத்து மேடையில் எளிதாக விளங்கும் இவ்வேறுபாடு, அயலாரின் இசை மேடையில் மட்டும் நமக்கு மறந்துபோகிறது.

இவ்வாறு கூறுவதால், எல்லா முத்திரையும் பொய் என்று நான் சொல்வதாக நீங்கள் கருதிவிடக்கூடாது. நார்வே நாட்டில் 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் 'பிளாக் மெட்டல்' என்னும் பிரிவு வளர்ந்தது. அதைச் சார்ந்த சிலர் பழமையான மரத்தேவாலயங்களுக்குத் தீயிட்டனர். 'பர்சும்' என்னும் பெயரில் இசை அமைத்த வார்க் விகெர்னெஸ் என்பவர், 1993-இல் தம்மைப்போன்ற இசைக்கலைஞர் ஒருவரையே கொன்றார். கொலைக்காகவும் தேவாலயங்களை எரித்ததற்காகவும் 1994-இல் நீதிமன்றம் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இனவெறிக் கொள்கையை அவர் தம் கையாலேயே எழுதி வெளியிட்டும் இருக்கிறார். அதே நெறியைத் தம் கொள்கையென வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட குழுக்கள் வேறு சில நாடுகளிலும் தோன்றின. இத்தகையோரை உள்ளபடி பெயரிட்டுச் சொல்லுதல் அவதூறு ஆகாது. சொல்லாமல் விடுதலே தவறு. எனினும், அவ்வொருவர் செய்த குற்றத்துக்காக, அதே இசையை வாசிக்கின்ற ஆயிரவரையும் குற்றவாளிகள் என்பது நீதியாகுமா?

அவ்வாறு ஆயிரவரைச் சேர்த்துக் குற்றம் சாட்டினால் என்ன விளையும் என்பதற்கு எகிப்து நாடு சான்று. 1997-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே மெட்டல் இசை கேட்ட இளைஞர் ஏறத்தாழ நூறு பேரைக் காவலர் கைது செய்தனர். சாத்தான் வழிபாட்டினர் என்றும் அயல்நாட்டாரின் கருவிகள் என்றும் செய்தித்தாள்கள் எழுதின. கறுப்புச் சட்டையும் இசைத்தட்டுகளும் சான்றாகக் கொள்ளப்பட்டன. கடைசியில் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். நாளிதழில் வந்த பெயரை யார் திரும்பப் பெறுவர்?

இனி, நம் நாட்டுக்கு வருவோம். அயலாரின் பிழையைக் காண்பது எளிது. நம்முடைய வரலாற்றிலும் இசைக்கு அரசியல் முத்திரை குத்திய காலம் ஒன்று உண்டு. அதுவே தமிழிசை இயக்கக் காலம்.

காவிரி நாட்டில் தமிழ்ப்பாட்டு என்றும் அற்றுப்போனதில்லை. சீர்காழியில் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் தெலுங்கில் பாடினார். இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் வளர்ந்தன. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் கச்சேரி மேடையில் தமிழ்ப்பாடல்கள் கடைசியில் பாடும் துக்கடாவாக ஒதுங்கின. அந்நிலையை மாற்ற வேண்டுமென்று இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் முயன்றார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941 ஆகஸ்டுத் திங்களில் தமிழிசை மாநாடு கூடிற்று. கச்சேரிகளில் தமிழ்ப்பாடலுக்கு முதன்மை வேண்டும் என்று அம்மாநாடு கேட்டது. அதே ஆண்டில் சென்னைச் சங்கீத வித்வத்சபை, இசையின் தரமே கருதத்தக்கது, மொழியை முன்னிறுத்தி அத்தரத்தைத் தாழ்த்துதல் கூடாது என்னும் கருத்தில் தீர்மானம் செய்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று.

இது வரையில் இது இசைபற்றிய கருத்து வேறுபாடு. இரு சாராரிடமும் சிந்திக்கத்தக்க நியாயம் இருந்தது. ஆனால் விரைவிலேயே முத்திரைகள் பறந்தன. தமிழ்ப்பாட்டு வேண்டும் என்றவர்களை, 'இது இசையன்று, மொழி வெறுப்பு. வகுப்பு அரசியல்' என்றனர் சிலர். தெலுங்குக் கீர்த்தனை பாடியவர்களை, 'இவர் தமிழின் பகைவர்' என்றனர் வேறு சிலர்.

அம்முத்திரைகள் பொருந்தினவா என்று பார்ப்போம். 1938-இல் சென்னை மாகாண அமைச்சரவையின் தலைவராக இருந்த இராசாசி, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். அதை எதிர்த்துப் போராடிய பெரியார் சிறை சென்றார். தமிழ்நாட்டு அரசியலில் இவ்விருவரினும் எதிரெதிரான இருவரைக் காண்டல் அரிது. ஆனால் மூன்றே ஆண்டுகளில் தமிழிசை வேண்டும் என்று இராசாசியும் கூறினார், பெரியாரும் கூறினார். காங்கிரசுப் பற்றுடைய கல்கி அவர்கள் அதற்காக ஓயாது எழுதினார்; திராவிட இயக்கத்தின் அண்ணாவும் பாரதிதாசனும் அதற்காகப் பேசினர், எழுதினர். இரசிகமணி டி. கே. சி. அவர்களும் துணை நின்றார். இவ்வியக்கத்தின்மீது எந்த ஒரு கட்சியின் முத்திரையைக் குத்துவது? எங்கே குத்தினும் அது பாதிப் பேருக்குப் பொருந்தாது!

இன்னும் அணுக்கமான சான்று ஒன்று கூறுவேன். எம். எம். தண்டபாணி தேசிகர் தஞ்சை மண்ணின் திருச்செங்காட்டங்குடியில் பிறந்தவர். தேவாரம் பாடும் மரபில் வந்தவர். திரைப்படத்தில் பட்டினத்தாராகவும் நந்தனாராகவும் தோன்றிப் பாடியவர். பழுத்த சைவர். 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் அவர் தமிழ்ப்பாடல் பாடினார். அது பெரிய சர்ச்சையாக மூண்டது. அப்போது அவருக்காகப் பரிந்து எழுதிய ஏடுகளுள் ஒன்று, கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட பெரியாரின் 'குடி அரசு'. அவர் பாடியதோ விநாயகரைப் போற்றும் பாடல்! ஆதரித்தவர் யார் என்பதை வைத்துப் பாடியவரின் கொள்கையைக் கணித்திருந்தால், நெற்றி நிறையத் திருநீறு அணிந்த அப்பெரியாரை நாத்திகர் என்றே முடிவு கட்டியிருப்போம்.

அதே தேசிகர், பாரதிதாசன் யாழைப் பற்றிப் பாடிய பாடலுக்குத் தேஷ் இராகத்தில் மெட்டமைத்தார். பகுத்தறிவுக் கவிஞரின் சொல், சைவ இசைவாணரின் பண். இன்றும் கச்சேரி மேடையில் எல்லாக் கருத்தினரும் அதைப் பாடுகின்றனர். எல்லாக் கருத்தினரும் அதைக் கேட்டு உருகுகின்றனர்.

நேயர்களே, பிறர் குத்திய முத்திரைகளை இதுவரை கூறினேன். நான் குத்திய முத்திரை ஒன்றையும் கூறாவிடில் இப்பேச்சு நேர்மையுடையதாகாது.

நான் தஞ்சையில் கல்லூரியில் பயின்ற காலம். எங்கள் ஊர் ஒரத்தநாட்டு வட்டாரத்தில் புதாற்றுப் பாசனத்தில் உள்ளது. பங்குனி உத்திரத் திருவிழாவுக்கு ஒரு கிராமியப் பாட்டுக்குழுவை அமர்த்தி, அச்சாரமும் கொடுத்தாயிற்று. அவ்வேளையில் ஒருவர் வந்து, "அவர்களைப் பக்கத்து ஊரில் பார்த்தேன். ஆளுக்கொரு சிவப்புத் துண்டைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்சிக்காரர்கள்தாம், ஐயமில்லை" என்றார். கீழத்தஞ்சையில் கூலி உயர்வுக்காகச் செங்கொடிச் சங்கங்கள் போராடிய நினைவு எங்கள் நிலக்காரர்களின் நெஞ்சில் ஆறாதிருந்த காலம் அது. சிவப்பு என்ற சொல்லே போதுமானதாயிற்று. பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீதான் படித்தவன். வரவேண்டாம் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிடு" என்றார். நானும் எழுதினேன். அழகாக எழுதினேன் என்று பெருமைகூடப் பட்டேன்.

மூன்று ஆண்டு கழித்துப் பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அக்குழுவின் தலைவரைச் சந்தித்தேன். அவர் வயது முதிர்ந்தவர். என்னை இன்னாரென்று அறிந்ததும், சினமின்றிப் பேசினார். "அந்தச் சிவப்புத் துணியா, தம்பி? சவுளிக்கடையில் ஒரு பீசாக மலிவாகக் கிடைத்தது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நிறமாக இருக்கட்டுமே என்று எடுத்துக் கிழித்தோம். உங்கள் ஊர் வேண்டாம் என்றதும், இன்னும் இரண்டு ஊர் வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு கோடை முழுதும் ஆட்டம் இல்லை. தவில்காரப் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான், திரும்பி வரவில்லை" என்றார். எனக்கு நாவெழவில்லை.

அந்நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள், 'ஐயோ, கட்சி சாராதவர்களைக் கட்சிக்காரர் என்று எண்ணிவிட்டோமே' என்று நினைந்து வருந்தினேன். இப்போது எண்ணும்போது, என் பிழை அதனினும் பெரிது என்று தோன்றுகிறது. அவர்கள் உண்மையிலேயே அக்கட்சியினராக இருந்தால்தான் என்ன? நாங்கள் அவர்களைக் கேட்டுக்கொண்டது முருகன்மீது காவடிச்சிந்து பாடுவதற்கு. அதை அவர்கள் நன்றாகப் பாடுவர் என்பது ஊரறிந்த செய்தி. ஒரு நிறத்தைக் கொண்டு கொள்கையை ஊகித்தது முதற்பிழை. அக்கொள்கையைக் கொண்டு பாட்டை மறுத்தது இரண்டாம் பிழை. நேரிற்சென்று ஒரு சொல் கேட்காதது மூன்றாம் பிழை. மூன்றும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கின.

ஆகவே, ஒரு குழுவுக்கு அரசியல் முத்திரை குத்தப்படுவதை நீங்கள் கேட்கும்போது, சான்றுகளை எடைபோடக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களே தம் வாயால் அறிவித்தது முதல்தரமான சான்று. அவர்கள் செய்த செயல், அதிலும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட செயல், அதற்கு இணையானது. பாட்டின் பொருள் அடுத்தது. ஆனால் பாட்டினுள் பேசுபவன் யார் என்று பார்த்தபிறகே அதைச் சான்றாகக் கொள்ளலாம். அவர்களை யார் புகழ்கிறார், யார் அவர்களுடன் மேடை ஏறினார் என்பது மிக மெலிந்த சான்று. தேசிகரின் கதை அதைக் காட்டும். உடையும் நிறமும் ஒலியின் கடுமையுமோ சான்றே அல்ல. பலர் சொல்கின்றனர் என்பதும் சான்று அன்று. ஒருவர் சொன்னதை நூறு பேர் திரும்பச் சொன்னால், சான்று நூறாகப் பெருகுவதில்லை, ஒன்றாகவே நிற்கும்.

முத்திரை மெய்யென்று தெரிந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சும். அக்கொள்கை எத்தகையது? மாந்தரில் ஒரு சாராரை மாந்தரே அல்லர் என்று கூறுவதா, அன்றி நாட்டை எவ்வாறு நடத்துவது என்பதில் நம்மோடு மாறுபடுவதா? இரண்டும் ஒன்றாகா. முதலாவதற்கு நம் காசையும் கைத்தட்டலையும் வழங்க மறுப்பது நம் கடமை. இரண்டாவதற்காகப் பாட்டை மறுப்பது நம் குறுமை.

ஒரத்தநாட்டிலிருந்து நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் 1930-இல் பிறந்த கல்யாணசுந்தரம், பொதுவுடைமைக் கொள்கையை மறைக்காமல் ஏற்றுக்கொண்டவர். அவர்மீதுள்ள முத்திரை அவரே இட்டுக்கொண்டது. ஆனால் அவர் பாடல்கள், திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சார்ந்திருந்த எம். ஜி. ஆரின் 'நாடோடி மன்னன்' படத்தில் 1958-இல் ஒலித்தன. அடுத்த ஆண்டே, இருபத்தொன்பது வயதில், கவிஞர் மறைந்தார். வயலில் நடவு நடுவோரும் வரப்பில் நிற்கும் நிலக்காரரும் அப்பாடல்களை இன்றும் முணுமுணுக்கின்றனர். எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டா முணுமுணுக்கின்றனர்?

என்னைக் கேட்ட அம்மாணவர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவருக்கு நான் கூறுவது இது: தம்பி, அக்குழுவினர் தம்மைப் பற்றித் தாமே கூறியதைத் தேடிப் படி. பாட்டின் சொற்களை எழுத்தில் வாசி. வெறுப்பே அவர்களுடைய கொள்கை என்று தெளிவாகத் தெரிந்தால், பாட்டு எத்துணை இனிதாயினும் விட்டுவிடு. தெரியாவிட்டால், நண்பனை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ படித்ததை அவனும் படிக்கச் செய். அவன் உன்மீது குத்திய முத்திரைக்குப் பதிலாக நீ அவன்மீது ஒன்றைக் குத்திவிடாதே. கார்டு எழுதிப் போடுவது எளிது. ஒருவரை நேரிற் கண்டு கேட்பது சற்றுக் கடினம். கடினமான அதையே செய்.